ஒரே பாடம், இரண்டு மேஜர்

சரித்திரத்துக்கு ஒரு வாத்தியார், பூகோளத்துக்கு ஒரு வாத்தியார் என்று தாத்தாக்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். முன்னவர் பட்டமேறிய ஆண்டுகளை ஒப்பிக்கச் சொல்வார். பின்னவர் துணி மேப்பை மாட்டிப் பிரம்பால் கங்கையைத் தொட்டுக் காட்டுவார். அந்த மேப்பில் பானிப்பட்டு எங்கே என்று கேட்பது இருவர் வேலையும் இல்லை.

இன்று தமிழ்நாட்டில் ஆறாம் வகுப்பு முதல் பத்து வரை இரண்டும் சமூக அறிவியலுக்குள் அடக்கம். நடத்துபவரும் ஒருவரே. புத்தகத்துக்குள் மட்டும் வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் என்று தனித்தனிப் பகுதிகள். ஆசிரியராகப் போகிற பி.எட். மாணவர்களோ பட்டப்படிப்பில் ஏதாவது ஒன்றைத்தான் படித்திருப்பார்கள். அதனால் கற்பித்தல் பயிற்சிக்குப் போன இடத்தில் பண்டமாற்று நடக்கும்: “தீர்க்கக்கோட்டை வச்சு நேரம் கணக்குப் போடுறதெல்லாம் எனக்கு வராதுக்கா. அந்த யூனிட்டை நீங்க எடுங்க, மராத்தியரை நான் பார்த்துக்கறேன்.”

இரண்டையும் கலந்தே நடத்தலாமே என்றால், வரலாறு படித்தவர் பாடம் நீர்த்துப்போகும் என்கிறார். புவியியல் படித்தவருக்குத் தன் பாடம் வெறும் மேப் குறிப்பதாகச் சுருங்கிவிடுமோ என்ற கவலை. நியாயம்தான். பாறைச் சுழற்சிக்குப் பக்கத்தில் எந்த ராஜாவைக் கொண்டுபோய் உட்கார வைப்பது?

முக்கொம்பை எடுத்தால் கதை வேறு. அங்கே காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. கொள்ளிடத்தின் படுகை தாழ்வு. தண்ணீர் அந்தப் பக்கமே ஓடியது, காவிரி மணல் மேவித் தூர்ந்தது, தஞ்சை வயல்கள் வாடின. வயல் வாடினால் கிழக்கிந்தியக் கும்பினிக்கு வரி எங்கிருந்து வரும்? 1830களில் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணை கட்டினார். 2018 ஆகஸ்டில் அந்த அணையின் மதகுகள் உடைந்ததை டி.வி.யில் பார்த்தவர்கள்தாம் இன்றைய பயிற்சி மாணவர்கள். இதில் எந்த வரி வரலாறு, எந்த வரி புவியியல்?

என்.சி.இ.ஆர்.டி. 2024-இல் ஆறாம் வகுப்புச் சமூக அறிவியலுக்குப் பழைய மூன்று புத்தகங்களுக்குப் பதில் ஒரே புத்தகம் கொண்டுவந்துவிட்டது. புத்தகத்தைச் சேர்ப்பது சுலபம். ஓராண்டுப் பி.எட். 2015 முதல் ஈராண்டாகியிருக்கிறதே, அதில் ஒரு பருவமாவது வரலாற்றுக்காரரைப் புவியியலும் புவியியல்காரரை வரலாறும் படிக்க வைக்கலாம்.