அடுப்புத் தெய்வமும் எல்லைத் தெய்வமும்: தாராவித் தமிழரின் நாட்டார் வழிபாடு

நாட்டார் சமயத்தின் தெய்வங்களை இருவகையாகப் பிரித்துக் காணலாம். வீடு, அடுப்பு, விளைச்சல், பருவம் ஆகியவற்றோடு சேர்ந்து மனிதரைத் தொடர்ந்து செல்பவை ஒருவகை. ஊரெல்லை, சுடுகாடு, குளக்கரை என ஓரிடத்தில் நிலைகொண்டு அந்த மண்ணைக் காப்பவை மற்றொரு வகை. மக்கள் பிழைப்புக்காக இடம்பெயரும்போது இவ்விரண்டும் ஒரே அளவில் அவர்களோடு பயணம் செய்வதில்லை என்பதற்கு மும்பையின் தாராவித் தமிழரின் வழிபாட்டு வாழ்க்கை தெளிவான சான்றாகும்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து தாராவியின் தோல் பதனிடும் தொழிலை நம்பி வந்து குடியேறிய தமிழருள் பெரும்பாலோர் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தவர்கள். அவர்கள் விட்டுவந்த ஊர்களில் சுடலைமாடன், இசக்கி, முத்தாரம்மன், மாரியம்மன் முதலிய தெய்வங்களே அன்றாட வாழ்வுக்கு அண்மையில் நின்றன. சுடலைமாடன் சுடுகாட்டைக் காக்கும் தெய்வம். இசக்கி பிள்ளைப்பேற்றையும் குழந்தைகளையும் காப்பவள், சினந்தால் அச்சம் தருபவள். அகால மரணமடைந்தோரும் கொல்லப்பட்டோரும் தெய்வமாகி வழிபாடு பெறுவது இம்மரபின் முக்கியக் கூறு. இத்தெய்வங்களுக்கு எடுக்கப்படும் பெருவிழாவே கொடை. அதில் வில்லுப்பாட்டுக் கலைஞர் தெய்வத்தின் பிறப்பையும் வரலாற்றையும் பாட, கணியான் கூத்து நிகழ, சாமியாடி அருள் வந்து ஆடிக் குறி சொல்வார்.

சுடலையின் பீடத்தை வேறிடத்தில் அமைப்பதற்கும் வழி உண்டு. தாய்க்கோவிலிலிருந்து பிடிமண் எடுத்துச் சென்று புதிய பீடம் எழுப்புவது தென்மாவட்ட வழக்கம். ஆயினும் கொடைக்கும், பங்குனி உத்திரத்தன்று குலதெய்வமான சாஸ்தாவை வழிபடுவதற்கும் ஊருக்குத் திரும்புவது மும்பைத் தமிழர் பலரிடம் இன்றும் தொடர்கிறது. எல்லையைக் காக்கும் தெய்வம் தன் எல்லையிலேயே நிற்க, மக்களே அதை நாடிச் செல்கின்றனர்.

பொங்கலோ தாராவிக்கே வந்துவிட்டது. தை முதல் நாளன்று 90 அடி சாலையில் பெண்கள் வரிசையாக அடுப்பு மூட்டிப் பானையேற்றிப் பொங்கலிடுவது நகரமே அறிந்த காட்சி. ஊரில் அவரவர் வாசலில், குடும்ப அளவில் நிகழும் இச்சடங்கு, முற்றமற்ற சிறு வீடுகள் நெருங்கிய தாராவியில் தெருவுக்கு வந்து, பல குடும்பங்கள் கூடும் பொதுவிழாவாக வடிவம் மாறியிருக்கிறது. இடநெருக்கடி சடங்கைச் சுருக்காமல் அதற்கு ஊர்த்தன்மையைத் தந்தது கவனிக்கத்தக்கது.

இதே வேறுபாட்டை ஐரோப்பாவின் லிதுவேனியா மற்றொரு சூழலில் காட்டுகிறது. இடிக்கு அதிபதியான பெர்கூனஸ், நிலமகளான ஜெமினா, அடுப்புத் தீயான கபியா ஆகிய தெய்வங்களை வழிபட்ட அந்நாடு 1387இல் அதிகாரபூர்வமாகக் கிறித்தவத்தைத் தழுவியபோது, புனிதத் தோப்புகள் வெட்டப்பட்டன, பொதுவிடங்களில் காக்கப்பட்ட புனிதத் தீ அணைக்கப்பட்டது. இடத்தைச் சார்ந்த வழிபாடு அவ்வாறு வீழ்ந்தாலும், இரவில் அடுப்பு நெருப்பைச் சாம்பலால் மூடி, கபியாவை வேண்டிக்கொள்ளும் வழக்கம் பெண்களின் கையில் நெடுங்காலம் பிழைத்திருந்தது. அங்கே மக்கள் இருந்த இடத்திலேயே இருக்க ஆட்சியின் சமயம் மாறியது. இங்கே சமயம் மாறாமல் இடம் மாறியது. இரண்டிலும் நிலைத்தது அடுப்படிச் சடங்கே.

குடியேறியவர்கள் வந்து சேர்ந்த நிலமும் தெய்வமற்றதாக இருக்கவில்லை. தாராவியை அடுத்துள்ள மாதுங்காவின் கிராமதேவதை மருபாய் என்னும் அம்மன். மாகிமில் அம்மை நோயின் தெய்வமான சீதளாதேவிக்குக் கோவில் உண்டு. மாரியம்மனை அறிந்து வந்தவர்களுக்கு இவர்கள் அந்நியரல்லர். மறுபுறம், மாதுங்காவின் ஆஸ்திக சமாஜம், செம்பூர் சேடா நகரின் முருகன் கோவில் ஆகியவை நடுத்தர வகுப்புத் தென்னிந்தியர் அமைப்பாகத் திரண்டு எழுப்பிய கோவில்கள். அங்கு அர்ச்சகரும் நாள்தோறும் நடக்கும் பூசையும் முதன்மை பெற, நாட்டார் மரபிலோ சாமியாடியும் பொங்கலிடும் பெண்ணும் முதன்மை பெறுகின்றனர்.

தாராவியை மறுசீரமைக்கும் திட்டம் குடும்பங்களை அடுக்குமாடிக்குக் கொண்டுசெல்ல முனைந்துள்ள இன்று, இவ்வழிபாட்டுக்கு வேண்டியவை எவை என்பதும் கேட்கப்பட வேண்டியதாகிறது. வீட்டின் சதுர அடிகளைக் கணக்கிடும் வரைபடத்தில் அடுப்பு மூட்டும் தெரு இடம்பெறுவது அரிது. கட்டப்படும் வீடு எவ்வளவு வசதியானதாயினும், பலர் சேர்ந்து தீ மூட்டத் திறந்தவெளி ஒன்று ஒதுக்கப்படாவிட்டால், தெருப்பொங்கல் மூடிய கதவுகளுக்குள் தனித்தனிச் சடங்காகச் சுருங்க நேரும்.