வளையத்துக்கு மேலே – 9: ஒரே கோடு, மூன்று பேர்

கூடைப்பந்து ஆடுகளத்தில் ஃப்ரீ த்ரோ கோடு, நின்று நிதானமாக எறிவதற்காகப் போட்டது. பலகையிலிருந்து அதற்கு 15 அடி. வளையமோ தரையிலிருந்து 10 அடி உயரத்தில். அந்தக் கோட்டருகே எம்பி, வழியில் கால் பதிக்காமல் பறந்துபோய்ப் பந்தை வளையத்துக்குள் அடித்து இறக்குவதை மூன்று காலங்களில் மூன்று பேர் உலகமே பேசும்படி செய்து காட்டினார்கள். டங்க் எனப்படும் இந்த அடி எப்படி மாறி வந்தது என்று பார்க்க இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. கோட்டின் தூரமும் வளையத்தின் உயரமும் மாறவில்லை. ஆட்களும் ஏறக்குறைய ஒரே உயரம்தான்: ஜூலியஸ் எர்விங் 2.01 மீட்டர், மைக்கேல் ஜோர்டான் 1.98, ஜாக் லவீன் 1.96.

1976 ஜனவரி 27, டென்வர். அமெரிக்காவின் ஏ.பி.ஏ. கூடைப்பந்து லீக் கடைசி மூச்சில் இருந்த நேரம். ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குக் கூட்டம் சேர்க்க, இடைவேளையில் ஒரு டங்க் போட்டியை வைத்தார்கள். பரிசு 1,000 டாலரும் ஒரு ஸ்டீரியோவும். எர்விங் கோட்டிலிருந்து எதிர்ப்பக்கமாகக் காலடிகளை அளந்துகொண்டே நடந்தார். திரும்பி ஓடிவந்தார். அந்த லீக்குக்கே உரிய சிவப்பு, வெள்ளை, நீலப் பந்து அவருடைய பெரிய கைக்குள் ஆரஞ்சுப் பழம்போல அடங்கிக் கிடந்தது. எழும்பினார், கையை நீட்டினார், இறக்கினார். காற்றில் வேறெதுவும் செய்யவில்லை.

சென்ற வாரம் பார்த்த கல்லூரித் தடையை இங்கே நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். 1967 முதல் 1976 வரை அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களில் டங்க் கூடாது. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆடிய எர்விங், அன்று அவரிடம் தோற்ற டேவிட் தாம்சன் இருவருடைய கல்லூரி நாட்களும் அந்தத் தடைக்குள்ளேயே கழிந்தன. தாம்சன் கல்லூரியில் தம் கடைசி உள்ளூர் ஆட்டத்தில் பொறுக்க முடியாமல் ஒரு டங்க் அடித்து, அதற்குத் தண்டனையும் வாங்கினார். எர்விங் தம் கலையை வளர்த்தது நியூயார்க் ஹார்லெம் பகுதியின் ரக்கர் பூங்காவில், கோடைக்கால ஆட்டங்களில். அவருடைய டங்கில் இருக்கும் வீச்சு தெருவில் கற்றது.

எர்விங்குக்கும் ஜோர்டானுக்கும் நடுவே இன்னொருவர் வருகிறார். அவர் ஆட்டக்காரரே அல்ல. ஆர்தர் எராட் இல்லினாய் மாநிலத்தில் ஒரு தானியக் கிடங்கை நிர்வகித்து வந்தவர். அந்நாளைய வளையம் பலகையோடு விறைப்பாகப் பூட்டப்பட்டது. பிடித்துத் தொங்கினால் வளையம் கோணும். பலகைக் கண்ணாடியே நொறுங்கும். 1979-ல் டாரில் டாக்கின்ஸ் என்ற ஆட்டக்காரர் ஒரு மாதத்துக்குள் இரண்டு பலகைகளைப் பொடியாக்கினார். எராட், ஜான் டீர் நிறுவனத்தின் உழவுக் கருவியிலிருந்த ஸ்பிரிங் ஒன்றை எடுத்து, இழுத்தால் வளைந்து விட்டால் பழைய நிலைக்குத் திரும்பும் வளையத்தைச் செய்தார். 1982-ல் காப்புரிமை கிடைத்தது. எண்பதுகளின் டங்கைப் பற்றி எழுதுகிறவர்கள் இவரை விட்டுவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. டொமினிக் வில்கின்ஸ் முழு பலத்தோடு கையைச் சுழற்றி அடித்தும் பலகை தாங்கியதில் அந்த ஸ்பிரிங்குக்கும் பங்கு உண்டு.

1988, சிகாகோ. டங்க் போட்டியின் இறுதிச் சுற்றில் வில்கின்ஸ் முன்னிலையில் இருந்தார். கடைசி முயற்சிக்கு முன் ஜோர்டான் பார்வையாளர் வரிசையைப் பார்த்தார். அங்கே எர்விங். மறுமுனைக்கே போய் அங்கிருந்து ஓடி வா என்று அவர் காட்டியதாக ஜோர்டான் பிறகு சொல்லியிருக்கிறார். ஓடிவந்து எழும்பியவர், பந்தை ஒருமுறை தாழ்த்தி, மறுபடி உயர்த்தி இறக்கினார். எர்விங் செய்யாமல் விட்டது இதுதான்: காற்றிலேயே ஒரு வேலை. 50-க்கு 50. மொத்தத்தில் ஜோர்டானுக்கு 147, வில்கின்ஸுக்கு 145. (ஜோர்டான் காலணிகளில் உள்ள சின்னம் இந்தத் தாவலிலிருந்து எடுத்தது என்று பலர் நம்புகிறார்கள். அல்ல, அது சில ஆண்டுகளுக்கு முன்பே படப்பிடிப்புக்காக நின்ற இடத்திலிருந்து எம்பிக் கொடுத்த தோற்றம்.)

2016, டொரொன்டோ. மறுபடியும் டங்க் போட்டி. லவீனுக்கு 20 வயது, எதிரில் நின்ற ஏரன் கோர்டனுக்கும் 20. கோர்டன், தம் அணியின் பொம்மை வேடக்காரர் தலைக்கு மேல் நீட்டிப் பிடித்த பந்தை எடுத்து, உட்கார்ந்தவர்போல மடக்கிய இரண்டு கால்களுக்கும் கீழே செலுத்தி அடித்தார். லவீன் அந்தப் பழைய கோட்டருகே எழும்பி, காற்றில் பந்தைக் கால்களுக்கிடையே கைமாற்றி இறக்கினார். கால்களுக்கிடையே மாற்றுவதை 1994 போட்டியில் ஐசையா ரைடர் வளையத்துக்குப் பக்கத்திலிருந்து செய்து வென்றிருந்தார். லவீன் அதை 15 அடி தள்ளிக் கொண்டுபோய் வைத்தார்.

கடினம் என்று பார்த்தால் லவீனுடையதுதான் முதலிடம். பழையவர் மேல் உள்ள பாசத்தால் இதை மறுப்பது நியாயமில்லை. ஆனால் திரும்பத் திரும்பப் பார்க்கும்போது என் கண் எர்விங்கிடம்தான் நிற்கிறது. மற்ற இருவரின் தாவலிலும் பந்து எங்கே போகிறது என்று தேட வேண்டியிருக்கிறது. எர்விங்கிடம் ஆளே தெரிகிறார்.

மூன்றுக்கும் ஒளிப்பதிவு உண்டு. வரிசையாகப் பாருங்கள், தரையை விட்டு எழும் காலைக் கவனியுங்கள். மூவருமே கோட்டை மிதித்தோ கொஞ்சம் தாண்டியோதான் எழும்புகிறார்கள். அதை வைத்து யாருக்கும் ஒரு புள்ளிகூடக் குறைக்க நான் தயாராக இல்லை.