தோள்பட்டை ஏன் உறைகிறது?

சட்டை போடும்போது கையைப் பின்னால் கொண்டுபோக முடியவில்லையா? காரில் இருக்கைப் பட்டையை இழுத்தால் தோளில் சுரீர் என்கிறதா? உங்கள் வயது 40-ஐத் தாண்டியிருந்தால், அது ‘உறைந்த தோள்’ பிரச்சினையாக இருக்கலாம்.

தோள் ஒரு பந்து கிண்ண மூட்டு. அதைச் சுற்றியுள்ள உறை, அக்குள் பக்கம் மடிப்புடன் தளர்வாக இருக்கும். கையை உயர்த்தும்போது அந்த மடிப்பு விரியும். அழற்சியால் இந்த உறை தடித்துச் சுருங்கினால், கை பாதியிலேயே நின்றுவிடும். துவைத்துச் சுருங்கிய சட்டையைப் போட்டுக்கொண்டு கையைத் தூக்கினால் அக்குளில் இழுத்துப் பிடிக்குமே, அதுபோலத்தான். 1934-இல் இதற்கு இப்பெயரைச் சூட்டியவர் அமெரிக்க அறுவை மருத்துவர் எர்னஸ்ட் காட்மன்.

40 முதல் 60 வயதுக்குள், குறிப்பாகப் பெண்களுக்கு, இது அதிகம் வருகிறது. நீரிழிவு உள்ளவர்களுக்கு வாய்ப்பு இன்னும் கூடுதல். இரத்தத்தில் மிகுந்துள்ள சர்க்கரை, உறையிலுள்ள கொலாஜன் என்ற புரத இழைகளோடு ஒட்டி அவற்றை விறைக்கச் செய்வது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உள்ளது. அவர்களில் பலருக்கு அது இருப்பதே தெரியாது. ஆகவே, தோள் இறுகினால் கிளினிக்கில் சர்க்கரை அளவையும் சோதித்துக்கொள்ளுங்கள்.

முதலில் வலி, அடுத்து இறுக்கம், பின்னர் மெல்லத் தளர்வு என்று இந்நோய் மூன்று கட்டங்களைக் கடக்கும். பெரும்பாலும் 1 முதல் 3 ஆண்டுகள் ஆகும். வலிக்கு அஞ்சிக் கையை அசைக்காமலே வைத்திருந்தால் இறுக்கம் கூடும்.

எளிய பயிற்சி ஒன்று: நல்ல கையை மேசையில் ஊன்றிக் குனியுங்கள். வலிக்கும் கையைத் தளரத் தொங்கவிட்டு, ஊசல்போல் முன்னும் பின்னும் 10 முறை மெதுவாக ஆட்டுங்கள். பிறகு சிறு வட்டமாகச் சுழற்றுங்கள். அடுத்து, சுவரில் விரல்களால் ‘ஏறி’, முடிந்த உயரத்தில் சற்று நிறுத்தி இறங்குங்கள். வலியை மீறி இழுக்க வேண்டாம்; அழற்சி அதிகமாகும்.

விழுந்தபின் வந்த வலி, காய்ச்சலோடு வரும் வலி ஆகியவற்றுக்கு உடனே மருத்துவரைப் பாருங்கள். தோள்வலியோடு நெஞ்சு இறுக்கமோ மூச்சுத்திணறலோ இருந்தால் தைலம் தேய்த்துக்கொண்டிருக்காமல் 999-ஐ அழையுங்கள்.

வாரத்திற்கு 150 நிமிட வேக நடை, இரண்டு நாள் தசைப் பயிற்சி. உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் இந்த அளவு, சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கவும் உதவும். இன்று மாலையே நடக்கத் தொடங்குங்கள். கைகளையும் நன்றாக வீசி நடங்கள்.