புது லேப்டாப் வந்தாச்சு... பழைய செட்டிங்ஸ் எங்கே? ‘டாட்ஃபைல்ஸ்’களை ‘கிட்’டில் காப்பாற்றுவது எப்படி?

சரவணம்பட்டியில் ஓர் ஐடி நிறுவனத்தில் வேலைக்குச் சேர்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் நாளே புது லேப்டாப் கைக்கு வந்துவிடுகிறது. அந்தச் சந்தோஷம் அரை மணி நேரம்தான். டெர்மினலைத் திறந்தால் மூன்று வருடமாகப் பழகிய ஷார்ட்கட் ஒன்றுகூட இல்லை. எடிட்டரின் நிறம் முதல் எழுத்தளவு வரை எல்லாமே புதுசு. பழைய லேப்டாப்பில் இருந்து எடுக்கலாம் என்றால், அதைப் போன வாரமே பழைய ஆபீஸில் ஒப்படைத்தாயிற்று.

வேலை மாறாதவர்களுக்கும் இந்தத் தலைவலி உண்டு. வாரம் முழுக்க கீரணத்தத்திலோ விளாங்குறிச்சியிலோ ஆபீஸ் லேப்டாப். சனி, ஞாயிறு பொள்ளாச்சி, கோபி என ஊருக்குப் போனால் வீட்டு கம்ப்யூட்டர். இங்கே மாற்றியது அங்கே இருக்காது. இதற்கான எளிய தீர்வுதான் ‘டாட்ஃபைல்ஸ்’களை ‘கிட்’ மூலம் பராமரிப்பது.

டாட்ஃபைல்ஸ் என்றால் என்ன?

லினக்ஸ், மேக் கம்ப்யூட்டர்களில் நம் விருப்பங்கள் பெரும்பாலும் சாதாரண டெக்ஸ்ட் கோப்புகளாகவே சேமிக்கப்படுகின்றன. டெர்மினலுக்கு ‘.பாஷ்ஆர்சி’, விம் எடிட்டருக்கு ‘.விம்ஆர்சி’, கிட்டுக்கு ‘.கிட்கான்ஃபிக்’. பெயர் புள்ளியில் தொடங்குவதால் இவை டாட்ஃபைல்ஸ். சாதாரணமாகப் பார்த்தால் கண்ணில் படாது.

இந்த மறைவுக்குப் பின்னால் ஒரு சுவையான கதை இருக்கிறது. யுனிக்ஸ் உருவான பெல் லேப்ஸில் பணியாற்றிய ராப் பைக் 2012-ல் இதை எழுதினார். ஒவ்வொரு ஃபோல்டரிலும் இருக்கும் ‘.’, ‘..’ என்ற இரண்டு பெயர்களைப் பட்டியலில் காட்டாமல் இருக்க, புள்ளியில் தொடங்கும் எதையும் விட்டுவிடும்படி ஒரு குறுக்குவழி நிரல் எழுதப்பட்டது. அதனால் மற்ற கோப்புகளும் மறைந்தன. மற்ற புரோகிராமர்கள் அதையே வசதியாக எடுத்துக்கொண்டார்கள். ஒரு சின்னப் பிழைதான் இன்றைய வழக்கம் ஆகிவிட்டது.

பென்டிரைவ், டிரைவ் போதாதா?

காப்பி எடுத்து வைக்கலாம்தான். ஆனால், ‘எது புதுசு, எது பழசு, இந்த வரியை ஏன் மாத்தினோம்?’ என்ற கேள்விக்குப் பென்டிரைவ் பதில் சொல்லாது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் எழுதிய ‘கிட்’ அதற்குப் பதில் சொல்லும். ஒவ்வொரு மாற்றமும் தேதி, காரணத்தோடு பதிவாகும். நேற்று மாற்றியதில் டெர்மினல் மக்கர் பண்ணினால், முந்தாநாள் நிலைக்குத் திரும்பிவிடலாம். இரண்டு கம்ப்யூட்டரிலும் ஒரே வரியை வெவ்வேறு விதமாக மாற்றியிருந்தால், ஒன்றை அழிக்காமல் ‘எது வேணும்?’ என்று நின்று கேட்கும்.

விஎஸ் கோட் பயன்படுத்துபவர்களுக்கு ‘செட்டிங்ஸ் சிங்க்’ உள்ளேயே இருக்கிறது. ஆனால், அது அந்த எடிட்டருக்கு மட்டும்தான்.

எப்படிச் செய்வது?

1. ‘டாட்ஃபைல்ஸ்’ என்று ஒரு ஃபோல்டர் உருவாக்கி, நீங்களே கைப்பட மாற்றிய கோப்புகளை மட்டும் அதற்குள் நகர்த்துங்கள். ஹோம் ஃபோல்டர் முழுவதையும் சேர்க்க வேண்டாம்.

2. பழைய இடத்தில் ‘சிம்லிங்க்’ வையுங்கள். கோப்பு ஓரிடத்தில் இருக்கும், இது அதைக் காட்டும் கைகாட்டி. கோப்புகள் அதிகம் என்றால் ‘குனூ ஸ்டோ’ மென்பொருள் இந்த வேலையை மொத்தமாகச் செய்துவிடும்.

3. ஃபோல்டரை கிட்டில் சேர்த்து ‘கமிட்’ செய்யுங்கள். கிட்ஹப்பில் ‘ப்ரைவேட் ரெப்போ’ ஒன்றைத் திறந்து ‘புஷ்’ பண்ணுங்கள். 2019 முதல் இது இலவசக் கணக்குகளுக்கும் அளவின்றிக் கிடைக்கிறது.

4. அடுத்த கம்ப்யூட்டரில் ‘க்ளோன்’ செய்து, அதேபோல சிம்லிங்க் வையுங்கள். பிறகு உட்கார்ந்ததும் ஒரு ‘புல்’, எழுந்திருக்கும் முன் ஒரு ‘புஷ்’ போதும்.

ஆபீஸில் மேக், வீட்டில் உபுண்டு என்றால்? ‘ஷேம்வா’ என்ற கருவி கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி வரிகளை மாற்றித் தரும். பிரெஞ்சில் அதன் பொருள், ‘என் வீட்டில்’. ஆபீஸ் ஃபோல்டருக்கு ஆபீஸ் இமெயில், சொந்த புராஜெக்ட்டுக்குச் சொந்த இமெயில் என்று பிரிக்கும் வசதி கிட்டிலேயே உண்டு.

கவனம்... சாவி வெளியே போயிடும்!

இதில் உண்மையான ஆபத்து ஒன்றுதான். செட்டிங்ஸோடு சேர்ந்து பாஸ்வேர்டு, எஸ்எஸ்எச் சாவி, கிளவுட் டோக்கனும் போய்விடலாம்.

டொயோட்டாவின் ‘டி-கனெக்ட்’ சேவையின் சோர்ஸ் கோடில் ஒரு பகுதி, சர்வர் சாவியோடு 2017 டிசம்பர் முதல் 2022 செப்டம்பர் வரை கிட்ஹப்பில் பொதுவெளியில் கிடந்தது. 2,96,019 வாடிக்கையாளர்களின் இமெயில் முகவரிகள் வெளியே போயிருக்கலாம் என்று நிறுவனமே அறிவித்தது. 2016-ல் ஊபர் இன்ஜினீயர்களின் ப்ரைவேட் ரெப்போவுக்குள் புகுந்தவர்கள், அங்கிருந்த லாகின் விவரங்களை வைத்து 5.7 கோடி பேரின் தகவல்களை எடுத்தார்கள். ‘ப்ரைவேட்தானே’ என்ற அலட்சியம் இதனால்தான் கூடாது.

பொது ரெப்போக்களில் தனக்குத் தெரிந்த வகைச் சாவிகளைக் கண்டால் தடுக்கும் ஏற்பாட்டை 2024 முதல் கிட்ஹப் தானாகவே இயக்கிவருகிறது. அது எல்லாவற்றையும் பிடித்துவிடும் என்று நம்பி இருக்க முடியாது.

* ‘.எஸ்எஸ்எச்’ ஃபோல்டரில் உள்ள தனிச் சாவிகளை ஒருபோதும் சேர்க்காதீர்கள். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனிச் சாவி உருவாக்குங்கள்.
* ரகசியங்களைத் தனிக் கோப்பில் வைத்து, அதன் பெயரை ‘.கிட்இக்னோர்’ பட்டியலில் எழுதுங்கள்.
* கம்பெனி சர்வர் பெயர், உள் முகவரிகள் சொந்தக் கணக்குக்குப் போகக் கூடாது. ஆபீஸ் மெஷினில் சொந்த ரெப்போ வைக்க அனுமதி உண்டா என்று முதலில் கேட்டுவிடுங்கள்.
* தவறிப்போய் ஏற்றிவிட்டால், கோப்பை அழித்தால் மட்டும் போதாது. பழைய கமிட்டில் அது அப்படியே இருக்கும். வீட்டுச் சாவி தொலைந்தால் பூட்டையே மாற்றுவோம் இல்லையா? அதுபோல அந்தச் சாவியை உடனே ரத்து செய்து புதிது எடுங்கள்.

‘ஏனுங்க, இதுக்கு இவ்வளவு மெனக்கெடணுமா?’

இன்று மூன்று கோப்புகளோடு தொடங்கினாலே போதும். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, அதே கம்ப்யூட்டரில் புதிதாக ஒரு யூசர் கணக்கு தொடங்கி, ரெப்போவை க்ளோன் செய்து பாருங்கள். உங்கள் பழைய டெர்மினல் அப்படியே வந்து நின்றால், அடுத்த லேப்டாப் எந்த ஆபீஸில் கிடைத்தாலும் கவலை இல்லை.