ஒரு புள்ளியில் கைவந்த உலகப் பட்டம்

மூடிய தார்த்தடத்தில் குறித்த எண்ணிக்கையிலான சுற்றுகளை முதலில் முடிப்பவரே வெல்லும் மோட்டார் சைக்கிள் சர்க்யூட் பந்தயம், தடகளத்தைப் போலவோ டென்னிஸைப் போலவோ ஆண், பெண் என்று பிரிந்து வளர்ந்த விளையாட்டு அன்று. அதன் உலகப் போட்டிகளில் பெண்கள் மிக அரிதாகவே இடம்பெற்றனர், இடம்பெற்றவர்களும் ஆண்களோடு ஒரே வரிசையில் நின்றே புறப்பட்டனர். அவ்வாறு புறப்பட்டு, தனி ஓட்டுநராக உலகப் பட்டம் வென்ற முதல் பெண் ஸ்பெயினின் ஆனா கராஸ்கோ ஆவார்.

முர்சியா பகுதியில் 1997ஆம் ஆண்டு பிறந்து, மூன்று வயதிலேயே சிறுவர் வண்டியில் ஏறிய கராஸ்கோ, 2013இல், 250 சி.சி. ஒற்றைச் சிலிண்டர் வண்டிகள் ஓடும் மோட்டோ3 உலகப் போட்டிக்கு வந்தபோது அவருக்கு வயது பதினாறு. முதல் பதினைந்து இடங்களுக்கு மட்டுமே புள்ளி வழங்கப்படும் அப்போட்டியில், மலேசியாவில் பதினைந்தாவதாகவும் வலென்சியாவில் எட்டாவதாகவும் வந்து அவர் புள்ளி பெற்றார். ஆனால் அடுத்து வந்த ஆண்டுகள் கடினமாயின. இத்தகைய உலகப் போட்டிகளில் பல ஓட்டுநர்கள் தமக்கான விளம்பரதாரரைத் தாமே தேடிக்கொண்டுதான் அணியில் இடம் பெறுகின்றனர். பணம் குறைந்தால் நல்ல வண்டியும் பயிற்சி நாள்களும் குறைகின்றன, அவை குறைந்தால் புள்ளிப் பட்டியலில் பெயர் கீழே இறங்குகிறது. திறமையின் அளவு என்று பார்வையாளர் எண்ணுவதில் பெரும்பகுதி உண்மையில் வசதியின் அளவே.

2017இல் தொடங்கிய சூப்பர்ஸ்போர்ட் 300 உலகப் போட்டி அவருக்கு வேறொரு வாசலைத் திறந்தது. கடையில் விற்கும் சிறிய வண்டிகளையே அளவோடு மாற்றியமைத்து ஓட்டிய அப்பிரிவில் எவராலும் எளிதில் விலகி முன்னேற முடியவில்லை. முன்செல்லும் வண்டி காற்றைக் கிழிக்க, அதன் பின்னால் ஒட்டி வருபவருக்கு எதிர்க்காற்று குறைந்து வேகம் கூடுகிறது. ஸ்லிப்ஸ்ட்ரீம் எனப்படும் இந்த உத்தியில், எரிபொருள் தொட்டியின் மேல் உடலை முழுவதும் படியவைத்து, தலைக்கவசத்தைக் காற்றுத் தடுப்புக்குள் புதைத்துக்கொண்டு, எந்த நொடியில் வெளியே விலகி முந்துவது என்று கணக்கிடுவதே ஓட்டுநரின் கலை. அவ்வாண்டு செப்டம்பரில், போர்ச்சுகலின் போர்திமாவோ தடத்தில், கராஸ்கோ அக்கணக்கைச் சரியாகப் போட்டு நூலிழை வித்தியாசத்தில் வென்றார்.

2018இல் கவாசாகி நிஞ்ஜா 400 வண்டியில் இமோலாவிலும் டொனிங்டன் பார்க்கிலும் வென்று முன்னிலை பெற்ற அவர், பிரான்சின் மாக்னி-கூரில் நடந்த இறுதிப் பந்தயத்தில் இருபத்தைந்தாம் இடத்திலிருந்து புறப்பட வேண்டியதாயிற்று. எதிராளி மிக்கா பெரெஸ் முன்வரிசைக் கூட்டத்தில் வெற்றிக்காகப் போராட, கராஸ்கோ பின்கூட்டத்தில் ஒவ்வோர் இடமாகப் பிடித்து ஏறிக்கொண்டிருந்தார். முதலிடத்துக்கு 25, இரண்டாமிடத்துக்கு 20 புள்ளிகள் என்பதால், பெரெஸ் வென்றிருந்தால் பட்டம் அவருடையதாகியிருக்கும். அவர் இரண்டாவதாக வந்தார், கராஸ்கோ பதின்மூன்றாவதாக வந்து மூன்று புள்ளிகள் பெற்றார், 93க்கு 92 என்று பட்டம் முடிவாயிற்று. நடுக்கூட்டத்தில் பதின்மூன்றாம் இடத்துக்காக நடந்த அந்தப் போராட்டம், எந்த வெற்றி மேடைக்கும் குறையாத சாதனை.

2020 செப்டம்பரில் எஸ்தோரில் தடத்தில் பயிற்சியின்போது விழுந்து முதுகெலும்பு முறிந்த அவருக்கு, அறுவை சிகிச்சையில் டைட்டானியத் தண்டுகள் பொருத்தப்பட்டன. மறு ஆண்டே மிசானோவில் மீண்டும் வென்றார்.

பெண்களுக்கான உலக சர்க்யூட் போட்டி 2024இல் தொடங்கியபோது, எல்லாருக்கும் ஒரே யமஹா ஆர்7 வண்டி என்ற விதி, வசதியின் ஏற்றத்தாழ்வைப் பெரிதும் சமன்செய்தது. ஒருகாலத்தில் மோட்டோ3இல் தம்மோடு ஓடிய மரியா எர்ரேராவுடன் கடுமையாகப் போட்டியிட்டு, ஹெரேஸில் நடந்த கடைசிக் கட்டப் பந்தயங்களில் கராஸ்கோ அப்போட்டியின் முதல் பட்டத்தைப் பெற்றார். தனிப்பிரிவு பெண்களை ஒதுக்கிவைக்கும் என்ற அச்சம் புறக்கணிக்கத்தக்கதன்று. எனினும் அதிகமான பெண்களுக்கு உலகத் தடங்களில் ஓடிப் பழகும் வாய்ப்பை அது தருகிறது என்பதே மேலான உண்மை. பட்டம் வென்ற கராஸ்கோ அப்பிரிவிலேயே தங்கிவிடாமல், 2025இல் ஹோண்டா வண்டியுடன், ஆண்களும் ஓடும் சூப்பர்ஸ்போர்ட் உலகப் போட்டிக்குச் சென்றார்.