‘எஸ்’ஸை எடு, கோட்டைப் போடு!

ஒரு கடைக் கணக்கர் தம் முதலாளிக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

“இத்துடன் ‘டூ ஹண்ட்ரட் ருபீ நோட்ஸ்’ அனுப்பியுள்ளேன்” என்று எழுதி, கடைப் பையனிடம் கவரைக் கொடுத்தனுப்புகிறார்.

முதலாளி கவரைப் பிரிக்கிறார். உள்ளே இரண்டே இரண்டு நூறு ரூபாய் நோட்டுகள்! அவர் எதிர்பார்த்ததோ இருநூறு ரூபாய் நோட்டுகள். “மீதி எங்கே?” என்று பையனை முறைக்கிறார். பையன் விழிக்கிறான்.

குற்றம் யாருடையது? பையன் மேல் பழி இல்லை. கணக்கர் ஒரு சிறு கோட்டைப் போடாமல் விட்டுவிட்டார். அவ்வளவுதான்!

கோடு செய்யும் வேலை

‘டூ’ என்பதைத் தனியே விட்டு, ‘ஹண்ட்ரட்-ருபீ’ என்று கோடு போட்டுச் சேர்த்தால், நூறு ரூபாய் நோட்டு இரண்டு. ‘டூ-ஹண்ட்ரட்-ருபீ’ என்று மூன்றையும் சேர்த்தால், இருநூறு ரூபாய் நோட்டு. இந்த நோட்டை 2017 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி வெளியிட்டது. அன்று முதல் இந்தக் கோட்டுக்கு மதிப்புக் கூடிவிட்டது!

குழாய் வாங்குகிறவர்களும் கவனிக்க வேண்டும். ‘டென்-ஃபுட்-லாங் பைப்ஸ்’ என்றால், ஒவ்வொன்றும் பத்தடி நீளக் குழாய். ‘டென் ஃபுட்-லாங் பைப்ஸ்’ என்றால், ஓரடி நீளத்தில் பத்துத் துண்டுகள். துண்டுகள் வந்து இறங்கிய பிறகு வருந்திப் பயன் என்ன?

‘எஸ்’ எங்கே போயிற்று?

‘பையனுக்கு வயது ஐந்து’ என்று சொல்ல, ‘ஃபைவ் இயர்ஸ் ஓல்ட்’ என்று எழுத வேண்டும். ‘எஸ்’ உண்டு, கோடு இல்லை.

‘ஐந்து வயதுப் பையன்’ என்று சொல்ல, ‘ஃபைவ்-இயர்-ஓல்ட் பாய்’ என்று எழுத வேண்டும். ‘எஸ்’ இல்லை, கோடு இரண்டு.

ஏன் இந்த வேறுபாடு? சொற்கள் ஒரு பெயருக்கு முன்னால் நின்று அதை வருணிக்கும்போது, அவை சேர்ந்து ஒரே சொல்லாகிவிடுகின்றன. அப்போது பன்மையைக் காட்டும் ‘எஸ்’ உதிர்ந்துவிடுகிறது.

நம் வீட்டு வழக்கம்

இது புதுமை அல்ல. தமிழிலும் இப்படித்தான்! ‘ஐந்து ஆண்டுகள்’ என்கிறோம். ஆனால் 1951-ல் தொடங்கிய திட்டத்தை ‘ஐந்தாண்டுகள் திட்டம்’ என்று யாராவது சொன்னார்களா? ‘ஐந்தாண்டுத் திட்டம்’ என்றுதானே சொன்னோம்? ‘கள்’ உதிர்ந்தது, நடுவில் ‘த்’ வந்து ஒட்டவைத்தது. இங்கே ஒற்றெழுத்து செய்யும் வேலையை அங்கே கோடு செய்கிறது.

ஆங்கிலத்திலும் அது ‘ஃபைவ்-இயர் பிளான்’தான்; ‘ஃபைவ் இயர்ஸ் பிளான்’ அல்ல. ‘மூன்று மாடிக் கட்டிடம்’, ‘பத்து நாள் பயணம்’, ‘ஆறடி மனிதன்’ எல்லாவற்றுக்கும் இதே முறைதான். ‘சிக்ஸ்-ஃபுட் மேன்’ என்றே எழுத வேண்டும்; ‘ஃபீட்’ என்று எழுதக் கூடாது.

விடுமுறைக் கடிதம்

ஓர் இடத்தில் எச்சரிக்கை தேவை. அதுதான் லீவு லெட்டர்! ‘டென் டேஸ் லீவ்’ என்பதில் ‘எஸ்’ இருப்பது சரியே. பத்து ‘நாட்களின்’ விடுமுறை என்பது அதன் பொருள். ஆகையால் கோடு வேண்டாம். ‘டேஸ்’ என்ற சொல்லின் ‘எஸ்’ஸுக்குப் பின்னால், மேலே, காற்புள்ளி போன்ற ஒரு குறியைப் போட்டால் போதும்.

நினைவில் வைக்க

வேலைக்கு மனுப் போடும் மகனுக்கும், பள்ளிக்கூடத்துக்குக் கடிதம் எழுதும் தாய்க்கும் இது உதவும். எழுதி முடித்ததும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: ‘இந்தச் சொற்கள் பின்னால் வரும் பெயரை வருணிக்கின்றனவா?’

ஆம் என்றால், ‘எஸ்’ஸை எடுங்கள், கோட்டைப் போடுங்கள்.

கோடு போட மை ஒரு சொட்டுக்கூடச் செலவாகாது. போடாமல் விட்டால், பாவம், கவரைக் கொண்டுவந்த பையன் அல்லவா பதில் சொல்ல வேண்டும்!