‘வேண்டாம்’ என்று சொல்லத் தயாராகி ஏலத்துக்குப் போங்கள்

மின்னணு ஏலத்தில் முதல் முறையாகச் சரக்கு வைக்கப் போகிற நண்பர்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான். "என்ன விலைங்க போகும்?" பதிலுக்கு நான் ஒன்று கேட்பேன். "விலை பத்தலைன்னா மூட்டையைத் திருப்பிக் கொண்டுவர உங்களுக்கு வழி இருக்குதுங்களா?" பலரும் அதை யோசித்திருக்க மாட்டார்கள். வண்டி வாடகையை அன்றைக்கே கொடுத்தாக வேண்டும். அறுப்புக் கூலி பாக்கி. அடகு வைத்த நகையைத் திருப்ப வேண்டிய தேதி நெருங்குகிறது. அந்த நிலையில் போய் நின்றால் திரையில் வருகிற எந்த விலைக்கும் தலையாட்ட வேண்டியதுதான்.

ஏலத்தில் விலை போடுவது வியாபாரி. எடை பார்ப்பது கூடம். பணம் வருவது வங்கி வழியாக. உழவன் கையில் இருக்கிற அதிகாரம் ஒன்றே ஒன்று: "இந்த விலைக்குத் தரமாட்டேன்" என்று சொல்வது. ஏலத்தில் வருகிற சிக்கல்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், அந்த ஒரு அதிகாரத்தை எப்படிக் கையில் வைத்துக்கொள்வது என்பதில்தான் வந்து முடிகிறது. நிலக்கடலை, எள், மஞ்சள் என்று சில பருவங்களாக எங்கள் குழு ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் விற்று வருகிறது. அதில் பார்த்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

ஏலம் நடக்கும் விதம்

ஒழுங்குமுறை விற்பனைக் கூடம் நமக்குப் புதிதல்ல. சென்னை மாகாணத்தில் 1933-ல் வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் வந்தது. 1936-ல் திருப்பூரில் பருத்திக்காக முதல் கூடம் ஏற்பட்டது. இப்போது நடப்பில் இருப்பது 1987-ஆம் ஆண்டுச் சட்டம். சந்தைக் கட்டணமான 1 சதவீதத்தை வாங்குகிற வியாபாரிதான் கட்ட வேண்டும். விற்கிற நம்மிடம் தரகு, மகமை என்று எதுவும் பிடிக்கக் கூடாது.

இந்தக் கூடங்களை இணையத்தில் இணைக்கிற தேசிய வேளாண் சந்தை, அதாவது இ-நாம், 2016 ஏப்ரல் 14 அன்று 8 மாநிலங்களில் 21 சந்தைகளோடு தொடங்கியது. பின்னால் தமிழ்நாட்டுக் கூடங்களும் சேர்ந்தன. ஆதார், வங்கிக் கணக்கு, கைப்பேசி எண் கொடுத்து ஒருமுறை பதிவு செய்துகொள்ள வேண்டும். சரக்கு வாசலில் நுழைந்ததும் லாட் எண் போடுவார்கள். பிறகு தர ஆய்வு. வியாபாரிகள் கைப்பேசியிலோ கணினியிலோ விலை போடுவார்கள். நேரம் முடிந்ததும் உயர்ந்த விலை தெரியும். ஒத்துக்கொள்வதா, மறுப்பதா என்று நாம்தான் சொல்ல வேண்டும். ஒத்துக்கொண்டால் எடை, விற்பனைச் சீட்டு, கணக்குக்குப் பணம். மறுத்தால் லாட் நம்முடையது. இந்த உரிமை முறைப்படியே நமக்கு உண்டு. யாரும் தயவு பண்ணிக் கொடுப்பதல்ல.

ஈரத்தில் இறங்குகிற விலை

"நஞ்சில்லாமல் விளைந்த கடலை, இதுக்குப் போய் இவ்வளவுதான் விலையா" என்று வருத்தப்படுகிறவர்களின் மூட்டையில் கையை விட்டுப் பார்த்தால், பாதிப் பேர் சரக்கில் ஈரம் இருக்கும். எடை குறைந்துவிடும் என்று காயவைக்கத் தயங்குகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 12 சதவீத ஈரமுள்ள 100 கிலோ கடலைக்காயை 8 சதவீதத்துக்குக் காயவைத்தால் ஏறக்குறைய 95.65 கிலோ நிற்கும். ஈரக் காய் குவிண்டால் 6,000 ரூபாய்க்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். காய்ந்த காய்க்கு 6,273 ரூபாய்க்கு மேல் எவ்வளவு கிடைத்தாலும் நமக்கு லாபம். வியாபாரி ஈரத்துக்கென்று கழிக்கிற தொகை பெரும்பாலும் இந்த 273-ஐ விடப் பெரிதாகத்தான் இருக்கிறது. அவர் ஈரத்தோடு, பூஞ்சணம் பிடிக்கும் என்ற பயத்தையும் சேர்த்துக் கழிக்கிறார்.

அந்தப் பயம் நியாயமானது. ஈரக் கடலையில் வரும் பூஞ்சணம் அஃபிளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். மருந்து தெளிக்காமல் விளைவித்துவிட்டு, காயவைக்காமல் விட்ட குறையால் நஞ்சேறிய கடலையை விற்றால் நாம் சொல்கிற ‘நஞ்சில்லா உணவு’ என்ற பேச்சுக்கே பொருள் இல்லை.

காயைக் காதருகே வைத்துக் குலுக்கினால் பருப்பு ஆடுகிற சத்தம் கேட்க வேண்டும். தானியம், பயறு என்றால் காய்ந்த பாட்டிலில் காய்ந்த உப்போடு போட்டுப் பத்து நிமிடம் குலுக்குங்கள். உப்பு பாட்டில் சுவரில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல் என்று அர்த்தம். ஒட்டாவிட்டால் முழுக்கக் காய்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாது. கூடத்தில் இருக்கிற ஈரப்பதமானியில் அளந்து, எண்ணைச் சீட்டில் எழுதி வாங்குவதுதான் முடிவான வழி. தர ஆய்வு செய்யாமலே ஏலத்துக்கு விடுகிற இடமும் உண்டு. அங்கே நாமே கேட்டு ஆய்வு செய்யச் சொல்ல வேண்டும். எண் இல்லாத சரக்குக்கு வியாபாரி தன் பாதுகாப்புக்காகக் குறைத்துத்தான் விலை போடுவார்.

ஒரு லாட், ஒரே தரம்

ஒரு லாட்டில் இருக்கிற மட்டமான கைப்பிடிக்குத்தான் லாட் முழுக்க விலை கிடைக்கும். பாரம்பரிய ரகம் பயிரிடுகிற நம் சரக்கில் பெரிசும் சிறிசும் கலந்தே வரும். அதைப் பிரிக்காமல் கொட்டினால் பெரிசும் சிறிசின் விலைக்குப் போய்விடும். மஞ்சளில் விரலி வேறு, கிழங்கு வேறு லாட். எள்ளில் கறுப்பையும் சிவப்பையும் கலக்கக் கூடாது. கடலையில் சொத்தை, முற்றாத காய், மண் உருண்டை நீக்கிவிட வேண்டும். மூட்டையின் மேலும் அடியும் ஒரே மாதிரி இருக்கட்டும். மேலே நயம் சரக்கு, அடியில் கழிவு என்று ஒருவர் வைத்தால், அடுத்த வாரம் அந்த ஊரிலிருந்து வருகிற எல்லார் சரக்குக்கும் விலை இறங்கும்.

சாக்கையும் கவனிக்க வேண்டும். உரம், மருந்து வந்த பழைய சாக்கில் இயற்கை விளைச்சலைக் கட்டவே கூடாது. 50 கிலோ பிடிக்கிற சணல் சாக்கு அரை கிலோவுக்கு மேல் எடை நிற்கும். பிளாஸ்டிக் சாக்கு அதில் கால் பங்கு அளவுதான். எல்லா மூட்டையும் ஒரே வகைச் சாக்கில் இருந்தால், சாக்குக் கழிவில் தகராறு வராது.

"சாம்பிள் வேற, மூட்டை வேற"

விலை முடிந்த பிறகு வருகிற தொல்லை இது. காலையில் ஒத்துக்கொண்ட விலையை மதியம் எடைமேடையில் வைத்துக் குறைக்கப் பார்ப்பார்கள். "அண்ணா, உள்ளே தூசு நிறைய இருக்குதுங்க, நூறு ரூபா கம்மி பண்ணிக்குங்க" என்பார் வியாபாரியின் ஆள். எங்கள் குழுவில் இதற்கு ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறோம். லாட் போடும்போதே பல மூட்டைகளில் இருந்து எடுத்துக் கலந்து அரை கிலோ மாதிரியை ஒரு பையில் கட்டி, லாட் எண் எழுதி, கூடத்துப் பணியாளர் கையெழுத்தோடு நம்மிடம் வைத்துக்கொள்கிறோம். பேச்சு வந்தால் அந்தப் பையைத் திறப்போம். பெரும்பாலும் திறக்கிற அவசியமே வருவதில்லை. பை இருக்கிறது என்று தெரிந்தாலே போதும்.

வியாபாரி கைதவறி ஒரு பூஜ்ஜியம் கூட்டிப் போட்டுவிடுவதும் உண்டு. நம்ப முடியாத விலை வந்தால் துள்ளிக் குதிக்க வேண்டாம், அது நிற்காது. அதே நேரம், அவர் விலகினார் என்பதற்காக அன்றைக்கு லாட் அநாதையாக நிற்கவும் விடக் கூடாது. கண்காணிப்பாளரிடம் உடனே போய் மறுபடி ஏலத்தில் வைக்கச் சொல்லுங்கள். வாய்ப்பேச்சோடு விடாமல், லாட் எண்ணைக் குறிப்பிட்டு ஒரு வரி எழுதிக் கொடுங்கள்.

எந்த விலை நம் விலை?

பத்திரிகையில் வருவது பெரும்பாலும் அன்றைய உச்ச விலை. அது ஒரு லாட்டுக்கு, சில சமயம் இரண்டு மூட்டைக்குக் கிடைத்திருக்கும். அதை நம்பிப் போனால் ஏமாற்றம்தான். இ-நாம் செயலியிலும் அக்மார்க்நெட் தளத்திலும் குறைந்த விலை, உயர்ந்த விலை, பெருவாரியான விலை என்று மூன்று இருக்கும். மூன்றாவதைப் பாருங்கள். பக்கத்துக் கூடங்களில் அதே வாரம் என்ன விலை, எத்தனை மூட்டை வந்தது என்றும் பாருங்கள். வியாபாரிகள் இரண்டு மூன்று பேரே இருக்கிற நாளில் விலை கூடாது. எந்தக் கிழமை கூட்டம் சேரும் என்று விசாரித்துப் போக வேண்டும்.

பிறகு, வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே ஒரு எண்ணை எழுதி வையுங்கள். அதற்குக் கீழே தரமாட்டேன் என்கிற எண். அதில் மறுப்பதற்கு ஆகிற செலவையும் கணக்கில் எடுக்க வேண்டும். உதாரணத்துக்கு, 8 குவிண்டால் சரக்கு, 50 கிலோ மூட்டையாக 16. வண்டி ஒரு நடைக்கு 1,200 ரூபாய். திரும்பக் கொண்டுபோய் இன்னொரு நாள் கொண்டுவர இரண்டு நடை, 2,400. ஒவ்வொரு நடைக்கும் ஏற்றி இறக்க மூட்டைக்கு 20 ரூபாய், ஆக 640. மொத்தம் 3,040. குவிண்டாலுக்கு 380 ரூபாய் வருகிறது. நாம் நினைத்ததை விட 300 ரூபாய் குறைவு என்பதற்காகத் தூக்கிக்கொண்டு வந்தால் நட்டம் நமக்கே. 800 ரூபாய் குறைவு, அடுத்த வாரம் விலை தேறும் என்றால் மறுப்பதில் அர்த்தம் உண்டு. ஐந்து பேர் சேர்ந்து ஒரே வண்டியில் போனால் இந்த 380 பாதிக்கும் கீழே வந்துவிடும். மறுக்கிற பலம் அங்கேயே கூடிவிடுகிறது.

கிடங்கும் கடனும்

திரும்பக் கொண்டுவராமல் கூடத்துக் கிடங்கிலேயே வைக்கவும் வழி உண்டு. வைத்த சரக்கின் மதிப்பில் 75 சதவீதம் வரை குறைந்த வட்டிக்குப் பொருளீட்டுக் கடன் கொடுப்பார்கள். ஆறு மாதத்துக்குள் விற்றுக் கட்டலாம். அறுப்புக் கூலி கொடுக்க வேண்டும் என்பதற்காகவே விலை இறங்கிய நாளில் விற்கிறவர்களுக்கு இது பெரிய கைத்தாங்கல். அங்கேயுள்ள உச்சவரம்பையும் வட்டியையும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இயற்கை உழவர்கள் ஒன்றை மறந்துவிடக் கூடாது. பொதுக் கிடங்குகளில் பூச்சிக்கு அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை போட்டு மூட்டம் கொடுப்பது வழக்கம். அங்கக வேளாண்மைத் தரநிலை அதை ஏற்காது. அந்தக் கிடங்கில் வைத்த சரக்கை வெளியே எடுத்து ‘இயற்கை விளைச்சல்’ என்று விற்பது வாங்குகிறவரை ஏமாற்றுவது. பொதுச் சந்தைக்குப் போகிற பங்கை மட்டும் கிடங்கில் வையுங்கள். மற்றது நன்றாகக் காய்ந்து, காற்றுப் புகாமல் வீட்டிலேயே இருக்கட்டும்.

பணம் எங்கே நின்றது?

பணம் வரவில்லை என்றால் வியாபாரியை மட்டுமே சந்தேகப்படுகிறோம். சில சமயம் காரணம் நம் பாஸ்புத்தகத்தில் இருக்கும். 2020 ஏப்ரலில் பல பொதுத்துறை வங்கிகள் இணைக்கப்பட்டன. அதையொட்டிப் பல கிளைகளின் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு மாறியது. பழைய பாஸ்புத்தக நகலைக் கொடுத்திருந்தால் அந்தக் குறியீடு செல்லாது. முழு ஆவணம் கொடுக்காமல் தொடங்கிய சிறு கணக்கு என்றால், இருப்பு 50,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. ஒரு நிதியாண்டில் ஒரு லட்சத்துக்கு மேல் வரவும் வைக்க முடியாது. மஞ்சள் விற்ற பணம் அதில் எப்படி நிற்கும்? பருவத்துக்கு முன்பே வங்கிக்குப் போய்ச் சரிசெய்ய வேண்டும். விற்பனைச் சீட்டு கையில் வராமல் சரக்கை வண்டி ஏற விடவும் கூடாது.

ஏலத்தில் அளக்க முடியாதது

நாங்கள் விற்கிற கூடத்துத் தர ஆய்வுச் சீட்டில் ஈரம், தூசு, சொத்தை எல்லாவற்றுக்கும் இடம் இருக்கிறது. ஐந்து வருடமாக ஒரு சொட்டு மருந்து படாத மண்ணில் விளைந்தது என்பதை எழுத இடம் இல்லை. அளக்காததற்கு ஏலத்தில் விலை கிடைக்காது. இதில் வியாபாரியைக் குறை சொல்லிப் பயனில்லை. தமிழ்நாடு அங்ககச் சான்றளிப்புத் துறையின் சான்றோ, குறைந்தது ஐந்து உழவர்கள் சேர்ந்து பெறுகிற பங்கேற்பு உத்தரவாதச் சான்றோ இருந்தால், அதற்கென்று தேடி வருகிறவர்களிடம் அது பேசும். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் தங்கள் சேகரிப்பு மையத்திலிருந்தே இ-நாமில் விற்கிற வசதியும் 2020 ஏப்ரலில் வந்தது. சான்றுள்ள சரக்கை ஒன்றுசேர்த்துத் தனி லாட்டாக வைக்க அது உதவும்.

அதனால் எங்கள் குழுவில் விளைச்சலை இப்படிப் பிரிக்கிறோம். முதலில் விதைக்கு. அடுத்து வீட்டுக்கு. பிறகு செக்கெண்ணெய், மஞ்சள்தூள் என்று நேரடியாக வாங்குகிற குடும்பங்களுக்கு. மீதிதான் ஏலத்துக்கு. நேரடி விற்பனையில் வருகிற காசு அறுப்புக் கூலிக்கும் வண்டி வாடகைக்கும் போதுமான அளவு இருந்தால், ஏலத்தில் அவசரப்பட்டுத் தலையாட்ட வேண்டியதில்லை.

அறுவடைக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே குழுவாக உட்கார்ந்து மூன்று காரியம் முடித்துவிடுங்கள்: யார் யார் சரக்கு எந்த வண்டியில் போகும், யாருடைய வங்கிக் கணக்கில் குறை இருக்கிறது, ஒவ்வொருவரும் எழுதி வைக்கிற கீழ் விலை எவ்வளவு. அவசரக் கடன் இருக்கிறவரின் கூலிப் பாக்கியைக் குழு சேமிப்பிலிருந்து ஒரு மாதத்துக்குத் தாங்க முடியுமா என்றும் பேசுங்கள். அவர் ஒருவர் கிடைத்த விலைக்குக் கொடுத்துவிட்டால், பக்கத்து லாட்காரருக்கும் அதே விலையைத்தான் காட்டுவார்கள்.